எண்ணூறு கிராம் பொய்

எங்கள் வார்டில் வெறும் எண்ணைச் சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது, அலகு சார் படுக்கையில் இருக்கும்வரை. "கொஞ்சம் பொறுங்க சார், அஞ்சு ஆகும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அஞ்சு என்ன சிஸ்டர்? நிமிஷமா, மணியா, மாசமா?" என்பார். பக்கத்துப் படுக்கைக்காரர் போர்வைக்குள் சிரிப்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்து என்ன செய்ய, ஊசியை அவர் கையில் குத்துவது நான்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன்.

நான் சிஸ்டர் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். திருத்தித் திருத்தி வாய் வலித்ததால் விட்டுவிட்டேன். அலகு சாருக்கும் அது சொந்தப் பெயர் இல்லை. கல்லூரியில் முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு வேதியியலின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். நிறை, கன அளவு, அடர்த்தி, ஒரு அலகை இன்னொரு அலகாக மாற்றுவது, இவ்வளவுதான் அவர் பாடம். அதைத் தாண்டி மேல் வகுப்புக்குப் போகச் சொன்னபோதும் மறுத்துவிட்டாராம். விடைத்தாளில் எண் சரியாக இருந்து பக்கத்தில் அலகு இல்லாவிட்டால் முட்டை. அவருடைய மூத்த பெண் பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து "மூணு சார், நல்ல எடை" என்று சொல்ல, இவர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் "மூணு என்ன?" என்று கேட்டாராம். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி. பிரசவ அறைக்குள்ளேயே அது அவர் காதில் விழுந்ததாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த அம்மா திரைச்சீலை தைப்பவர். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு நீள மேஜை. அவருக்கு எல்லாம் அங்குலம், இவருக்கு எல்லாம் சென்டிமீட்டர். ஒரு சமயம் பெரிய அலுவலகத்து ஜன்னல்கள் மொத்தத்துக்கும் துணி எடுக்க வேண்டியிருந்தது. இவர் பரப்பளவைச் சதுர சென்டிமீட்டரில் கணக்குப் போட்டு, "நான் மாத்தித் தர்றேன் உன் அங்குலத்துக்கு" என்று பெருந்தன்மையாக இரண்டு புள்ளி ஐந்து நான்கால் வகுத்துக் கொடுத்துவிட்டார். பரப்பு என்றால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இவரே கத்திக் கத்திச் சொல்லும் விஷயம். வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு துணி வந்து இறங்கியது. நீலப் பூப்போட்ட துணி. இன்றைக்கும் அந்த வீட்டில் தலையணை உறை, மேஜை விரிப்பு, மெஷின் மூடி, சாருடைய ஜாக்கெட்டின் உள் லைனிங் வரை எல்லாம் அதே நீலப் பூ. சார் அடர்த்தியைப் பற்றி வாய் திறந்தால் அம்மா எதுவும் பேச மாட்டார், தலையணை உறையை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்.

இப்போது எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கும். வாரத்துக்கு மூன்று நாள் வந்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும்போது அந்தத் தண்ணீரையும் எடுக்கிறோம். எவ்வளவு எடுப்பது என்பதைத் தராசு சொல்லும். தேங்கிய தண்ணீர் எதுவும் இல்லாமல் ஆள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு எடை குறித்திருப்பார். சாருக்கு அறுபத்திரண்டு கிலோ. வரும்போது அறுபத்து நாலு இருந்தால் கூடுதல் இரண்டு கிலோவும் தண்ணீர், இரண்டு லிட்டர் எடு என்று மெஷினுக்குச் சொல்லிவிடுவோம். ஒரு கிலோ, ஒரு லிட்டர். குறைவாக எடுத்தால் மீதித் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி மூச்சுத் திணறும். அதிகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கி ஆள் சாய்ந்துவிடுவார்.

இதைக் கேட்டுக்கொண்டு சார் சும்மா இருப்பாரா?

"ஒரு கிலோ ஒரு லிட்டர்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க சிஸ்டர். உடம்புச் சூட்டுல ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ வராது. ஏழு கிராம் குறையும்."

"அந்த ஏழு கிராமை நான் என் கைக்காசுல போட்டுடறேன் சார், நீங்க தராசுல ஏறுங்க."

ஏறுவார். எங்கள் அறை குளிரும் என்பதால் ஜாக்கெட்டோடுதான் வருவார். அந்த ஜாக்கெட்டை முதல் வாரமே தராசில் தனியாக வைத்து நிறுத்தி, "அறுநூறு கிராம், கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். நாங்களும் ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்வோம். முட்டி வலி என்று கையில் ஊன்றுகோல் வேறு. என் கண் எண்ணில் இருந்தது, ஊன்றுகோலில் இல்லை. அது தராசுக்கு வெளியே தரையில் ஊன்றியிருந்தது. ஏழு கிராமுக்கு என்னோடு மல்லுக்கு நிற்கும் மனுஷர், அதன் மேல் சாய்ந்து எண்ணூறு கிராமைச் சத்தமில்லாமல் தரைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க வேண்டும் நான். வாத்தியார் ஆயிற்றே என்று இருந்துவிட்டேன்.

ஏன் இந்தத் திருட்டு? சனிக்கிழமைக்காக. சனிக்கிழமை காலையில் திரைச்சீலை மேஜையைக் காலி செய்துவிட்டு, அதைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து சார் பாடம் எடுப்பார். காசு வாங்க மாட்டார். சமையலறைத் தராசு, அளவு உருளை, நூல், இரும்பு நட்டு, இவைதான் ஆய்வுக்கூடம். கல்லூரியை விட்டபிறகு அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மனுஷர் மற்ற ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவோ, "ஒரு தடவைக்கு ரெண்டரை கிலோவுக்கு மேல ஏறிச்சுன்னா வாரத்துக்கு நாலாவது நாளும் வரணும் சார். எங்ககிட்ட சனிக்கிழமை காலையிலதான் மெஷின் காலி" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாருக்கு டீ என்றால் உயிர். ஐஸ்கட்டி வேறு, அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க மறந்ததுபோல் மறந்துவிடுவார். மூன்று கிலோவுக்கு மேல் ஏறியது. அதைத் தராசிடமிருந்து மறைத்தார்.

தராசை ஏமாற்றலாம், நெஞ்சை ஏமாற்ற முடியுமா? எடுக்காமல் விட்ட எண்ணூறு கிராம் தண்ணீர் ராத்திரியில் அவரைப் படுக்கவிடவில்லை. மல்லாந்தால் மூச்சு முட்டும். அந்த அம்மா டாக்டரம்மாவிடம் வந்து சொன்னார்:

"ராத்திரி நாலு தலகாணி வச்சுதான் டாக்டர் படுக்கறார். போன மாசம் ஒண்ணுதான்."

சாருக்குப் பொறுக்கவில்லை. "தலகாணியெல்லாம் ஒரு அலகா? பழைய பஞ்சு டாக்டர், அமுங்கி அடர்த்தி ஏறிப்போச்சு. நாலு சேர்ந்தாதான் ஒரு தலகாணி உயரம் வருது. அளவுன்னா எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கணும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும்தான். தராசில் எண் சுத்தமாக இருந்தது. வெளியே வந்து அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "உடம்புல இன்னும் தண்ணி இருக்கு சிஸ்டர். கொஞ்சம் கூட எடுங்களேன்."

"தராசு சொல்றதுதான்மா எங்களுக்குக் கணக்கு. அது காட்டினா எடுக்கறேன்" என்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு சரி என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரியிடம் அளவைச் சொல்லிவிட்டு வந்தால் அதற்குத் தைக்காமல் விடுவாளா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வாரமே சாருடைய எடை குதித்தது. குச்சியில் சாய்ந்தும் மூன்று கிலோவைத் தாண்டிக் காட்டியது. அவ்வளவும் எடுத்தோம். டாக்டரம்மா வாங்கு வாங்கு என்று வாங்கினார். "இதுதான் கடைசி, இன்னொரு தடவை இப்படி வந்தா சனிக்கிழமை இங்கதான்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே சார் வழிக்கு வந்தார். டீ பாதியானது. ஐஸ்கட்டி நின்றது. அதன்பிறகு எடை இரண்டரைக்குள் கட்டுப்பட்டது, சனிக்கிழமையும் பிழைத்தது. அந்த அம்மாவும் தலையணைப் பேச்சை எடுக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான்கூட என் வேலையை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை சார் தராசின் முன் வந்து நின்று ஊன்றுகோலை என்னிடம் நீட்டினார்.

"இதைப் பிடிங்க சிஸ்டர்."

"விழுந்துடப் போறீங்க சார்."

"விழ மாட்டேன். இத்தனை நாளா நான் இது மேல சாஞ்சுதான் நின்னேன். சாஞ்சா எண்ணூறு கிராம் குறையும். வீட்டுல தினம் பழகிப் பார்த்துட்டுத்தான் வருவேன்." என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்தே பேசினார். "சனிக்கிழமை ஒரு பொண்ணு இரும்பு நட்டோட அடர்த்தியைப் புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே எழுதி வச்சிருந்தா. எப்படிம்மா இவ்வளவு சரியா வந்துச்சுன்னு கேட்டேன். விடை தெரியும் சார், அதுக்குத் தகுந்த மாதிரி அளவை மாத்திட்டேன்னா. அளந்ததை எழுது, வேணுங்கறதை எழுதாதேன்னு அவளைத் திட்டினேன். திட்டின வாய் எனக்கே கசந்துபோச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசாமியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி நாலு கேள்வி கேட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஏறினார், கையைத் தொங்கவிட்டு நேராக நின்றார். ஜாக்கெட்டின் அறுநூறு கிராமைக் கழித்தபிறகு அறுபத்தைந்து கிலோ இருநூறு கிராம். மூன்று கிலோ இருநூறு கிராம் கூடுதல். சார் அந்த எண்ணைப் பார்த்தார். "எதிர்பார்த்ததுதான். சனிக்கிழமை போச்சு" என்றார். எனக்கே பாவமாகிவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "முழுசா எடுங்க, நான் வந்து பேசிக்கறேன்" என்றார். மூன்று லிட்டர் இருநூறு மில்லி என்று மெஷினில் பதிந்தேன்.

மூன்று மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. அதன்பிறகு கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றார். நான் போய்க் காலை நீவுவதற்குள் கொட்டாவி விட்டார், நெற்றி வியர்த்தது, கண் செருகிவிட்டது. அழுத்தம் எழுபதுக்கு வந்துவிட்டது. மெஷினில் தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, தலைப்பக்கம் இறக்கி, காலைத் தூக்கி, உப்பு நீரைத் திறந்துவிட்டேன். "சார், சார்" என்று கன்னத்தில் தட்டுகிறேன், அசைவில்லை. இவ்வளவு தண்ணீர் உள்ளவருக்கு ஏன் இப்படி ஆக வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. சொல்வதற்கு என்ன, பயந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வெளியே காத்திருந்த அந்த அம்மா, கையில் ஓரம் மடித்துக்கொண்டிருந்த துணியோடு உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே டாக்டரம்மா. சாருடைய ஒரு தோளில் கிடந்த ஜாக்கெட்டை நான் உருவி நாற்காலியில் போட்டேன். நாற்காலி விளிம்பில் அது டொக்கென்று இடித்தது. துணி இடித்தால் அப்படி ஒரு சத்தம் வருமா?

அந்த அம்மா ஜாக்கெட்டைப் பார்த்தார், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். "இன்னைக்குக் குச்சி இல்லாம நின்னாரா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சிஸ்டர். நான்தான் பண்ணிட்டேன். திரைச்சீலை ஓரத்துல கனத்துக்கு ஈயக்குண்டு வச்சுத் தைப்போம்ல, அதை லைனிங்குக்குள்ள சுத்திலும் வச்சுத் தைச்சேன். காலையில வீட்டுத் தராசுல ரெண்டு தடவை ஏறுவாரு, குச்சியோட ஒண்ணு, குச்சி இல்லாம ஒண்ணு. தையல் மெஷின்ல உக்காந்தபடியே பார்த்துக்கிட்டிருந்தேன். அவரு எவ்வளவு குறைக்கறாரோ அவ்வளவைத்தான் கூட்டினேன். அதுக்கு மேல ஒண்ணுகூட வைக்கலை."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டாக்டரம்மா.

"எப்படிச் சொல்லுவேன்? வாத்தியாரு அளவுல திருடறாருன்னு நானே வந்து சொல்றதா? சனிக்கிழமையும் போயிடும். அது போனா இவரு என்னத்துக்கு டாக்டர் இருப்பாரு? மூச்சு வாங்காம இருந்தாப் போதும்னு நினைச்சேன்." அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா சாருடைய நாடியைப் பிடித்தபடி நின்றார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒருவர் எண்ணூறு கிராம் குறைத்தார், ஒருவர் எண்ணூறு கிராம் கூட்டினார். இரண்டு பொய்யும் சேர்ந்து எனக்கு ஒரு உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தன, நானும் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஒருவர் மட்டும் திருந்தினார். இல்லாத தண்ணீரை, ஈயத்தின் கணக்கில், அவருடைய ரத்தத்திலிருந்து இழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒரே வீட்டில் ஒரே கூரைக்கடியில் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

சாருடைய இமை அசைந்தது. உதட்டில் நிறம் வந்தது. "எத்தனை?" என்றார். முனகல்தான், ஆனால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"பதினாறு" என்றார் அம்மா, அழுகைக்கு நடுவே.

"பதினாறு என்ன?"

ரத்த அழுத்தம் எண்பத்தைந்தில் நிற்கிறது. மனுஷருக்கு அலகு வேண்டும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது.

"பதினாறு ஈயக்குண்டுங்க. ஒவ்வொண்ணும் அம்பது கிராம்."

சார் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் திரும்பவும் பயம் வந்துவிட்டது. ஆனால் உதடு அசைந்துகொண்டிருந்தது, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "எண்ணூறு கிராம் ஈயம்னா எழுபது மில்லி சொச்சம். அரை டம்ளர்கூட வராது. அதான் எனக்குத் தெரியலை." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கனமா இருக்கேன்னு கேட்டேன். புது லைனிங்குதான், எடை அதேதான், நிறுத்துப் பார்த்துட்டேன்னு சொன்னியே" என்றார்.

"நீங்க மட்டும் தராசுல நேராத்தான் நிக்கறேன்னு சொல்லலையா?"

"நீ சொன்ன அளவை நான் ஒருநாளும் சரிபார்த்தது இல்லை."

"தெரியும்ங்க. அந்த தைரியத்துலதான் தைச்சேன்."

சார் கையை நீட்டினார். ஊசி இல்லாத கை. அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா இருவரையும் சேர்த்து வைத்துத் திட்டியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கும் கிடைத்தது, அதையும் எழுதப்போவதில்லை. திட்டி முடித்துவிட்டு, ஜாக்கெட்டைத் தனியாகத் தராசில் போட்டுப் பார்த்தார், எண்ணைக் கழித்தார். சார் கண்ணை எடுக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குண்டைக் கழிச்சா இன்னைக்கு நிஜமா ஏறினது ரெண்டு கிலோ நானூறு கிராம்தான் சார். இந்த ஒரு மாசமா நீங்க ஒழுங்காத்தான் இருந்திருக்கீங்க, உங்களுக்கே தெரியாம. புதன்கிழமை நேரா நின்னு இந்த அளவுக்குள்ள வாங்க. சனிக்கிழமை உங்களுக்கு. மீறினா எனக்கு."

புதன்கிழமை வந்தார்கள். ஜாக்கெட் இல்லை, அதை அந்த அம்மா கையில் மடித்து வைத்திருந்தார், நீலப் பூ லைனிங் பிரித்துத் தொங்கியது. ஊன்றுகோல் என்னிடம். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சார் தராசில் ஏறினார். எண் கொஞ்சம் ஆடி நின்றது. அறுபத்து நாலு கிலோ நூறு கிராம். அந்த அம்மா அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். சனிக்கிழமை சாருடையது.

படுக்க வைத்து, ஊசி குத்தி, மெஷினை ஓடவிட்டேன். வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். கடைசியில், "ராத்திரி மூச்சு எப்படி சார் இருக்கு?" என்றேன்.

சார், நாற்காலியில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணு" என்றார்.

விடுவேனா நான்? எத்தனை மாதக் கடன்.

"ஒண்ணு என்ன சார்?"

"ஒரு தலகாணி, சிஸ்டர்."